கண்ணாடியோடு ஒட்டிப்போன படமும் பெரியம்மையின் கையும்

கருங்கல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கிழியாமல் எடுக்க வழி உண்டா? அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுப் பதில் சொல்லலாம். நேரம் இருப்பவர்களுக்குக் கதையும் இருக்கிறது.

அது என் பெரியம்மை இருக்கும் படம். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரியம்மை என்றால் அம்மையின் அக்கா. கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்த புதிதில் மேனேஜரிடம் போய் ‘வீட்டுக்குப் பெரியம்மை வந்திருக்கு, அரை நாள் லீவு வேணும்’ என்று கேட்டேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பெரியம்மையிடம் சொன்னபோது அவள் இரண்டு நாள் சிரித்தாள்.

அவள் அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. அதை ஏன் ஆபீஸ் என்கிறோம் என்று கேட்காதீர்கள், பிறந்ததிலிருந்து அப்படித்தான். காலையில் தூக்குவாளியில் கஞ்சியும் காணத்துவையலும் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போவாள். வறுத்த அண்டியைத் தல்லும் பிரிவில் வேலை. தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் அண்டியைக் கல்லில் நிறுத்தி, மறுகையில் இருக்கும் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் பொத்துப்போகும். விரலுக்குச் சாம்பல் பூசிக்கொண்டுதான் தல்லுவார்கள். அப்படியும் இருபது முப்பது வருடம் அந்த வேலை செய்த பெண்ணின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை கரி பிடித்த சட்டி மாதிரி இருக்கும். உள்ளங்கை உரிந்து உரிந்து பளபளப்பாக இருக்கும், ரேகையே இருக்காது.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

இப்போது படங்களுக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் இத்தனை படம் இருப்பதற்குக் காரணமே அவள்தான். போனஸ் கையில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ஸ்டுடியோதான். எங்களை எல்லாம் பவுடர் அப்பி, தலையில் எண்ணெய் வழிய வழியக் கூட்டிக்கொண்டு போவாள். பெயிண்டில் வரைந்த மாடிப்படியும் நிலாவும் பின்னால் இருக்கும். படம் எடுத்து முடிந்தால் ஆளுக்கொரு சாயா, ஆளுக்கொரு பழம்பொரி. எனக்குப் படம் எடுப்பதென்றால் பழம்பொரிதான்.

அம்மைக்கு முட்டு வலி, டிரங்குப் பெட்டியைக் குனிந்து எடுக்க முடியவில்லை என்பதால், போன மாதம் ஊருக்குப் போனபோது நான் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு படத்தில்கூட பெரியம்மையின் கை இல்லை. எப்போதும் பின்வரிசை. முன்னால் ஒரு பிள்ளை, அல்லது நாற்காலியின் முதுகு, அல்லது முந்தானையை இழுத்து மூடியிருப்பாள். எனக்கு ஐந்து வயதில் எடுத்த ஒரு படத்தில் என் முதுகுக்குப் பின்னால் கையை வைத்திருக்கிறாள். அந்த அழுத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று. படத்தில் அது இல்லை.

கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுத்த கலர்ப் படம் ஒன்று உண்டு. சதுரமாக இருக்கும், எல்லோரும் சிவப்பாகிப் போயிருக்கிறோம். அதில் பனையோலைப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருக்கிறாள். ஆனால் விரல்கள் பெட்டிக்கு அடியில். எந்த வருடம் என்று அம்மைக்கு நினைவில்லை.

கடைசிப் படம் 2011-ல். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். அந்தப் படத்தில்தான் அவள் கை நெஞ்சுமேல் நன்றாகத் தெரியும்படி இருக்கிறது. ஆனால் வழக்கப்படி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள்.

இனி மீதியிருப்பது நான் கேட்க வந்த படம் மட்டும்தான். என் ஞானஸ்நானத்தன்று, 1976-ல், அம்மையின் வீட்டு முற்றத்தில் எடுத்தது. சைக்கிளில் முக்காலி கட்டிக்கொண்டு போட்டோக்காரர் வந்தாராம். நடுவில் பாட்டி, பாம்படம் கழற்றிய காது தோள்வரை தொங்குகிறது, மடியில் நான். வலது ஓரத்தில் பெரியம்மை. முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது. மாமா மகன் ஒருவன், எனக்கு அத்தான் முறை, ‘நானும் அந்தப் படத்தில உண்டு’ என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பான். எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர், அவன் இல்லை. அவன் சொன்னால் எல்லோரும் சிரிப்போம்.

2017-ல் ஒக்கிப் புயலில் அந்த வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. பின்னால் நின்ற ரப்பர் மரங்களில் பாதி சாய்ந்தது. முன் அறைச் சுவரில் இருந்த இந்தப் படத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கரண்டே வராத அந்த நாட்களில் சுவரில் மாட்டிய படத்தை யார் பார்த்தார்கள்? பார்த்தபோது படம் கண்ணாடியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. இதே போல ஒட்டியிருந்த வேறொரு படத்தை ஒரு கடையில் கொடுத்தோம். ‘இப்ப எடுத்துத் தாறேன்’ என்று பிளேடை வைத்து நெம்பினார். பாட்டாவின், அதாவது தாத்தாவின், பாதி முகம் கண்ணாடியில் போய்விட்டது. அதனால் இதை யாரிடமும் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

என்ன செய்யலாம்?

---

வடசேரி இருட்டறை எழுதியது:

முதலில் அந்தப் படத்தைத் தொடாதீர்கள். 32 வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். அதற்குள்தான் வெள்ளி இருக்கிறது, உங்கள் பெரியம்மையின் முகம் என்பது அந்த வெள்ளிதான். தண்ணீர் பட்டதும் ஜெலட்டின் ஊறிப் பசை மாதிரி ஆகும். எதிரே கண்ணாடி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு காய்ந்துவிடும். இழுத்தால் தாள் வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். பாட்டாவுக்கு நடந்தது அதுதான். முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுவது, வெயிலில் வைப்பது எல்லாம் வேண்டாம். தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் முறை ஒன்று உண்டு. கெட்டித் தாளில் போட்ட பழைய பிரிண்ட் சில சமயம் பிழைத்துவிடும். ஆனால் பூஞ்சை பிடித்திருந்தால் ஜெலட்டினே கரைந்து போகலாம், கையால் கலர் தீட்டியிருந்தால் கலர் போய்விடும். நானே செய்யத் தயங்குவேன். பிய்த்து எடுப்பதைவிடப் படம் கண்ணாடியோடு இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. அப்படியே விடுங்கள்.

செய்ய வேண்டியது, கண்ணாடியோடு நகல் எடுப்பது. பிரேமிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். ஸ்கேனரில் அடங்காவிட்டால் கேமரா போதும். நிழலில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக ஒரே அளவு வெளிச்சம். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

பிரேமைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பிரேம் போடுகிறவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் பின்னால் வைத்து அடைப்பார்கள். காலண்டர், செய்தித்தாள், கல்யாணக் கடுதாசி. தேதி தெரியும். படம் பெரிதாகவும் பிரேம் சின்னதாகவும் இருந்தால் வெட்டுவார்கள், சிலர் வெட்ட மனசில்லாமல் மடிப்பார்கள். ‘முழங்கையோடு முடிந்துவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு பேரை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்த போட்டோக்காரர் ஓரத்து ஆளை முழங்கையில் வெட்ட மாட்டார். எனக்கு அது இடிக்கிறது.

கை விஷயம். அண்டி ஆபீஸ் பெண்கள் என் ஸ்டுடியோவுக்கும் வந்ததுண்டு. பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் நாங்களே கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிடுவோம். பிளாஸ்டிக் ரோஜாவும் உண்டு. நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து முகத்துப் புள்ளிகளை எடுப்போம். ‘அண்ணே, கையையும் ஒண்ணு சரியாக்கிடுங்க’ என்று கேட்டவர்களும் உண்டு. முகத்துக்குப் பென்சில் போதும். கைக்கு நான் எவ்வளவு முயன்றும் சரியாக வந்ததில்லை.

---

முட்டம் விளக்கு எழுதியது:

கன்னியாகுமரிப் படத்தின் வருடம் கண்டுபிடிக்க நம் ஊருக்கே உரிய வழி ஒன்று உண்டு. பின்னால் கடலைப் பாருங்கள். பாறையில் மண்டபம் இல்லை என்றால் படம் 1970-க்கு முந்தியது. விவேகானந்தர் மண்டபம் திறந்தது அந்த வருடம் செப்டம்பரில். மண்டபம் இருந்து பக்கத்துப் பாறை காலியாக இருந்தால், 133 அடி வள்ளுவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அவரைத் திறந்தது 2000 ஜனவரி 1. சாரம் கட்டியிருந்தால் 90-கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் தெரிந்தால் அது உங்கள் பெரியம்மை காலத்துப் படமே இல்லை, 2024 டிசம்பர் கடைசியில் வந்தது.

எங்கள் வீட்டில் சண்டையெல்லாம் இப்படித்தான் தீரும். அப்பா ‘கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது’ என்பார், அம்மா ‘அந்தப் பாறையைப் பாருங்க’ என்பாள்.

---

கருங்கல்காரி எழுதியது:

முட்டம் விளக்கு, பார்த்துவிட்டேன். மண்டபம் இருக்கிறது, பக்கத்துப் பாறை மொட்டையாக இருக்கிறது. என் தம்பி அம்மையின் இடுப்பில் இருக்கிறான், அவன் பிறந்தது 1980. அப்படியானால் 81 இருக்கும். அம்மையிடம் சொன்னேன். ‘அண்ணைக்குத்தான் நாகர்கோவில்லேருந்து ரயில்ல போனோம், உனக்கு ஓர்மை இல்லியா’ என்கிறாள். திருவனந்தபுரம் லைன் வந்ததே 1979-ல்தானே, எங்களுக்கு ரயில் புதுசு. ஓலைப்பெட்டிக்குள் மரச்சீனிக் கிழங்கு இருந்ததாம். கைக்கு மறைப்பு என்று நான் நினைத்தது உண்மையில் மத்தியானச் சாப்பாடு. அதனால் மறைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

இருட்டறை அண்ணன், பிரேமைத் திறக்கும் தைரியம் வந்தால் எழுதுகிறேன்.

---

பைனரி மக்கா எழுதியது:

அக்கா, இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு சிரமம்? மொபைலில் ஒரு படம் எடுத்து ஏஐ ஆப்பில் போடுங்கள். கறை, கீறல் எல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும், கலரும் வந்துவிடும். இல்லாத கையையும் அதுவே போட்டுத்தரும்.

---

கருங்கல்காரி எழுதியது:

தம்பி, என் மகன் போட்டுப் பார்த்துவிட்டான். கை வந்தது. வெண்ணெய் மாதிரி கை. நகத்தில் ரோஸ் கலர், மோதிர விரலில் ஒரு மோதிரம். முகத்தையும் இரண்டு சுற்று வெளுப்பாக்கி, ஒரு பக்கம் கோணும் அந்தச் சிரிப்பை நேராக்கிவிட்டது. அம்மையிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். ‘நல்ல பிள்ளையா இருக்கா, யாரு வீட்டுப் பிள்ளே?’ என்று கேட்டாள்.

---

குழித்துறை பாலம் எழுதியது:

இங்கே இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. அண்டி ஆபீஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் அம்மா பீலிங்கில் இருந்தாள். தல்லிய பருப்பை அடுப்பறையில் உலர்த்திக் கொண்டுவந்து கொட்டுவார்கள், அதன் மேலிருக்கும் சிவப்புத் தொலியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தக் கை அவ்வளவு கறுக்காது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தல்லும் பிரிவு. ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேட்டில் சோதனை போட்டு வெளியே வருபவர்கள்தான். ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாலே யார் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். அத்தை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். சீட்டின் மூலையில் சாய்ந்துகொண்டு வருவாள், பிரேக் போட்டால் யார் மேலாவது விழுவாள். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கூலி எடைக்குத்தான். முழுப் பருப்புக்கு ஒரு கணக்கு, உடைந்ததற்கு ஒரு கணக்கு. கிரேடிங்கில் 320 நம்பர் என்பார்கள், ஒரு பவுண்டு எடைக்கு 320 பருப்புக்குள் அடங்கும் என்று பொருள். 180 என்றால் நல்ல பெரிய பருப்பு. இந்தக் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அம்மாவும் அத்தையும் ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டே பேசியதில் படித்தது. அத்தனையும் கப்பலேறிப் போகும் பருப்பு. எங்கள் வீட்டுப் பாயசத்தில் தேங்காய்த் துண்டுதான்.

அத்தை சனிக்கிழமை ராத்திரி வாசல் படியில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவி, பழம்புளி போட்டு, பீர்க்கங்கூட்டால் தேய்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமே. திங்கள்கிழமை மறுபடியும் கறுத்துவிடும். அதனால் உங்கள் ஞானஸ்நானப் படத்தில் கை கிடைத்தால், அது வாரத்திலேயே கை மிகவும் வெளுத்திருக்கும் நாளின் கை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது அத்தைக்கு எழுபதுக்கு மேல். ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னால் மெஷின் எடுக்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள்.

நேற்று நான் அத்தையின் கையை மட்டும் படம் எடுக்கக் கேட்டேன். ‘இதைப் போய் எடுக்கியே, வேற வேலை இல்லியா’ என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

கருங்கல்காரி எழுதியது, மூன்று வாரம் கழித்து:

திறந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி வண்டியேறி ஊருக்குப் போனேன். அம்மை கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை. தம்பி டார்ச்சைப் பிடித்தான். பின்பக்கம் ஒட்டியிருந்த காக்கித் தாள் தொட்டதும் பொடிந்தது. சின்ன ஆணிகள் துருப்பிடித்திருந்தன, ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இராமபாணப் பூச்சி இரண்டு ஓடியது.

முதலில் வந்தது என்ன தெரியுமா? திருவிதாங்கூர் மகாராஜா. வண்ணம்கூட மங்காமல், முதுகு எங்கள் பக்கமும் முகம் எங்கள் படத்தின் பக்கமுமாக. அம்மைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது பாட்டா மாட்டி வைத்திருந்த மகாராஜா பிரேம். 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பாட்டா அவரை இறக்கவில்லையாம். ‘அவரு பாட்டுக்கு இருக்காரு, நமக்கு என்ன’ என்பாராம். பாட்டா போனபிறகு பாட்டி புதுப் பிரேமுக்குக் காசு செலவழிக்க மனசில்லாமல், மகாராஜாவைப் பின்னால் தள்ளி எங்களை முன்னால் வைத்துவிட்டாள்.

மகாராஜாவின் பிரேம் உயரப் பிரேம். எங்கள் படம் அகலப் படம். இருட்டறை அண்ணன், நீங்கள் சொன்னதேதான். வலது பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் மடித்திருக்கிறார்கள்.

மடித்த பகுதி கண்ணாடியைத் தொடவே இல்லை. மகாராஜா மேல் சாய்ந்துகொண்டு நாற்பது வருடத்துக்கு மேல் இருட்டில் இருந்திருக்கிறது. வெயில் இல்லை, ஒக்கித் தண்ணீரும் அந்த மூலைவரை போகவில்லை. முன்பக்கம் நாங்கள் எல்லோரும் மஞ்சளாகிக் கிடக்கிறோம். அந்தத் துண்டு மட்டும் நேற்றுக் கழுவிய படம் மாதிரி இருக்கிறது.

அதில் பெரியம்மையின் கை.

அந்தக் கை ஒரு பையனின் மேல்கையைப் பிடித்திருக்கிறது. பையன் பாதிதான் இருக்கிறான்: ஒரு காது, ஒரு கண், பொத்தான் இல்லாத சட்டை, ஓடுவதற்காகத் தூக்கிய ஒரு கால். கால் அசைந்ததில் புகை மாதிரி விழுந்திருக்கிறது. அத்தான்தான். அவன் படத்தில் உண்டு.

பிடி நல்ல பிடி. நாலு விரலும் தெரிகின்றன, பையனின் சதை விரல்களுக்கு நடுவே பிதுங்குகிறது. நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம். குழித்துறை பாலம், நீங்கள் சொன்னதை மனதில் வைத்துத்தான் பார்த்தேன். சனிக்கிழமை தேய்த்தும் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு இருந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நகம் குறுக்கே பிளந்திருக்கிறது. கட்டை தவறி விழுந்திருக்கும் என்று அம்மை சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘அவன் ஓடீருவான்னு பிடிச்சா பாரு, அதான் கையை ஒளிக்க மறந்துட்டா’ என்றாள்.

மடித்த இடத்தில் படம் வெடித்திருக்கிறது. ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே, அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே போகிறது.

அத்தான் இப்போது குவைத்தில் இருக்கிறான், ஐம்பத்தாறு வயது, தலையில் முடி இல்லை. மொபைலில் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ‘நான் அப்பமே சொன்னேன்லா! சொன்னேன்லா! ஒரு பய நம்பினானா?’ என்று ஒரே கத்தல். அவனுக்கு அவள் மாமி. அரை மணி நேரம் கழித்து இன்னொரு மெசேஜ், இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. ‘மாமி பிடிச்சா வலிக்கும்பிளே. ரெண்டு நாளைக்கு அந்த இடம் சொறியும். அண்டி எண்ணெயாக்கும்.’

சரி, இப்போது அடுத்த கேள்வி. மடிப்பை நிமிர்த்தலாமா? தம்பி நிமிர்த்திப் புதுப் பிரேம் போடலாம் என்கிறான். அம்மை பழைய பிரேமே போதும் என்கிறாள். எனக்கு அந்த வெள்ளைக் கோடு இன்னும் பெரிதாகுமோ என்று பயம்.

---

வடசேரி இருட்டறை எழுதியது:

நிமிர்த்த வேண்டாம். காய்ந்த ஜெலட்டின் அப்பளம் மாதிரி, மடிப்பில் நீங்கள் கைவைத்தால் மணிக்கட்டோடு விரலும் உதிரும். எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் தாங்கல் கொடுத்து, முன்பக்கத்தை ஒரு முறை, மடித்த பக்கத்தை ஒரு முறை, தனித்தனியாக நகல் எடுங்கள். கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். அப்போது பன்னிரண்டு பேரும் ஒரே படத்தில் வந்துவிடுவார்கள். ஒட்டும்போது அந்த வெள்ளைக் கோட்டை யாராவது அழித்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், பக்கத்திலிருக்கும் கையையும் சேர்த்து வழவழப்பாக்கிவிடுவார்கள். லேமினேஷன் பக்கமே போக வேண்டாம், அது ஒட்டினால் ஒட்டினதுதான். மூலப்படத்தைக் கண்ணாடியோடு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, தரையில் படாமல் அலமாரியில் படுக்க வையுங்கள். சுவரில் மாட்ட நகல் போதும்.

மகாராஜாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவரைத் தனியாக வையுங்கள், படத்தின்மேல் வேண்டாம்.

ஸ்கேன் ஆனதும் அந்தக் கையை மட்டும் பெரிதாக்கி எனக்கு ஒன்று அனுப்ப முடியுமா?

---

குழித்துறை பாலம் எழுதியது:

எனக்கும் ஒன்று. அத்தையிடம் காட்ட வேண்டும்.